நீலத் தாள் அம்மாவுக்கு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

வழக்கம்போல உறைக்குள் இரண்டு தாள். நீலத் தாள் அம்மாவுக்கு. பெரிய எழுத்தில், வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் போகாமல் எழுதியிருக்கிறேன். சத்தமாகப் படிக்கச் சொல். முரண்டு பிடித்தால், பையன் கோபித்துக்கொண்டு கடிதத்தையே நிறுத்திவிடுவான் என்று மிரட்டு. வெள்ளைத் தாள் உனக்கு. இதில் கிறுக்கல் எழுத்துதான், பொறுத்துக்கொள்.

அம்மாவின் காதில் போனை வைத்தாய், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். இனி வைக்காதே அக்கா. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து, "அழைப்பு வந்திருக்கு, இணைக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டே நம் இருவரையும் வளர்த்தவள். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துப் பேச்சு போய் ஒரு வருடமாகிறது. வாழ்க்கை முழுக்க நல்ல குரலை அனுப்பிய கருவிக்குள் இந்த உடைந்த குரலை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பரவாயில்லை, நம்மால் தபால்காரருக்காவது வேலை இருக்கிறது.

நீயும் உன் கூட்டாளியும் அப்படி என்னதான் கட்டுகிறீர்கள் என்று கேட்டாய். (கூட்டாளியின் பெயரை எழுதவே வேண்டாம். இங்கே எல்லோரும் அவனை "அவசரம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) நீ கண்ணாடிக் கடையில் ஒருவரின் கண்ணைப் பரிசோதித்து எழுதுகிறாய் அல்லவா? அந்த விவரம் நியாயமாக யாருக்குச் சொந்தம்? கண்ணுக்கு உரியவருக்கு. ஆனால் நடுவில் ஏதோ ஒரு கம்பெனி அதை வாரிக்கொண்டு போய் விற்றுவிடுகிறது. நாங்கள் கட்டுவது முதலாளி இல்லாத சந்தை. விவரம் அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வேண்டியவர் கேட்பார், உரியவர் கொடுப்பார். கொடுத்ததும் வாங்கியதும் ஒரு பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேடு நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி இருப்பதால் யாராலும் அதில் ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. மக்கள் உள்ளே வந்து பார்க்கிற பக்கங்களும் பொத்தான்களும் என் வேலை.

இப்போதைக்கு ஒத்திகைச் சந்தைதான் ஓடுகிறது. பொய்ச் சரக்கு, பொய் வாங்குபவர்கள். பதினாறாம் தேதி காலை நிஜச் சந்தை திறக்கிறது. மூன்று வருட உழைப்பு.

நீ அனுப்பும் அம்மாவின் பேச்சுப் பயிற்சிப் பதிவுகள் தவறாமல் வருகின்றன. இருநூறைத் தாண்டிவிட்டன. என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

உன் தம்பி

மார்ச் 10

டேய் சந்தைக்காரா,

உன் முதலாளி இல்லாத சந்தையைக் கடையில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். "முதலாளி இல்லைன்னா சம்பளம் யார் தருவா?" என்று லென்ஸ் தேய்க்கிறவர் கேட்டார். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

உன் நீலத் தாளை அம்மா மூன்று நாளில் எட்டு முறை படித்தாள். இப்போதெல்லாம் உறையை அவளே பிரிக்கிறாள். நீலத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளையை மடிப்பு கலையாமல் என் தலையணைமேல் வைத்துவிடுகிறாள். அடுத்தவர் கடிதத்தை ஓரக்கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வேலையில் வந்த பழக்கம், உடம்போடு ஊறிவிட்டது.

நேற்று இருநூற்றுப் பதினாலாவது பதிவு. பல் தேய்த்ததும் வழக்கம்போல மேஜைமேல் என் போனை வைத்துப் பதிவை ஓடவிட்டு, அன்றைய ஐந்து வார்த்தைகளை ஆரம்பித்தோம். இரண்டாவது வார்த்தையிலேயே நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஜன்னலை... சாத்து. குளிருது." முதல் முழு வாக்கியம்! அதுவும் அதிகாரம்! ஓடிப் போய்ச் சாத்திவிட்டு அங்கேயே நின்று அழுதேன். "குளிருதுன்னு... சொன்னேன். அழ... சொல்லல" என்றாள். அதுவும் பதிவில் இருக்கிறது, கேட்டுப் பார். கடையில் வருடக் கணக்கு முடியும் வரை எனக்குக் காலை நேரம் கிடைக்காது, பதிவுக்கு அதுவரை விடுமுறை.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அறுபத்தொன்றாவது பதிவை நீ கேட்க வேண்டாம். யாருமே கேட்க வேண்டாம். அழிக்கலாம் என்று பல தடவை விரலைக் கொண்டுபோனேன், கை வரவில்லை. அதனால்தான் உன்னிடம் அனுப்பினேன். உன்னிடம் போனது கிணற்றில் போட்ட கல் என்று ஒரு நம்பிக்கை.

பதினாறாம் தேதி நல்லபடியாக நடக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 19

அக்கா,

இந்த உறையில் நீலத் தாள் இல்லை. அம்மாவிடம் ஏதாவது சாக்கு சொல்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பதிவுகளை விற்றுவிட்டேன்.

தெரிந்து செய்யவில்லை. போன மாதம் ஒத்திகைச் சந்தைக்குப் பொய்ச் சரக்கு தேவைப்பட்டது. ஒலிப் பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வரிசையாக எண்ணும் தேதியும் போட்ட ஒலித் துண்டுகள் நிறைய வேண்டும். என் கம்ப்யூட்டரில் அப்படி இருந்தது உன் பதிவுகளைப் போட்டு வைத்த பெட்டி ஒன்றுதான். உன் ஒழுங்கு உனக்குத் தெரியுமே. அந்தப் பெட்டியை அப்படியே சுட்டிக்காட்டிவிட்டேன். நீ அனுப்ப அனுப்ப அதுவும் தானாகச் சேர்ந்துகொண்டே வந்தது. ஒத்திகைதானே, இரண்டு நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தே போனேன்.

பதினாறாம் தேதி ஒத்திகைப் பக்கங்களை நிஜத்துக்கு மாற்றும்போது, "பொய்" என்று குறி போட்ட சரக்கு எல்லாம் உதிர்ந்துவிட வேண்டும். உதிர்ந்தது. இது மட்டும் உதிரவில்லை. இதற்கு நான் குறி போடவில்லை, இது பொய் இல்லையே. "உங்கள் சரக்குதானா?" என்ற கட்டத்தில் ஆமாம் என்று நானே டிக் அடித்திருந்தேன்.

திறந்து நாற்பது நிமிடத்தில் முதல் விற்பனையின் மணி அடித்தது. நானும் அவசரமும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அதை உன்னிடம் மறைக்க மனசில்லை. குதித்து முடித்த பிறகுதான் என்ன விற்றது என்று பார்த்தேன். "பேச்சு திரும்பும் குரல், பெண், வயது அறுபத்தெட்டு, 214 துண்டுகள்." அதைச் சந்தையிலிருந்து எடுப்பதற்குள் மூன்று பேர் வாங்கிவிட்டார்கள். சரக்கு அவர்கள் கைக்குப் போய்விட்டது. அம்மாவின் பெயர் எங்கும் இல்லை, குரல் மட்டும்தான். ஆனால் விற்ற வரியைப் பதிவேட்டிலிருந்து என்னால் அழிக்க முடியாது. யாராலும் முடியாது என்று உனக்குப் பெருமையடித்து எழுதியது நான்தான்.

சந்தையை மூடி வைத்திருக்கிறேன். அவசரம் என்னோடு பேசுவதில்லை. நீயும் பேசாமல் இருந்துவிடாதே.

தம்பி

மார்ச் 25

கடிதம் வந்தது.

நாலு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எழுதக் கூடாததை எல்லாம் எழுதியிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த 214 பதிவில் ஒன்றையாவது நீ கேட்டிருக்கிறாயா? ஒரு வருடமாகக் காலையில் வேலைக்கு ஓடும் முன்னால் அவளை உட்காரவைத்து, வார்த்தை வார்த்தையாகப் பிடுங்கி எடுத்து உனக்கு அனுப்பினேன். "வந்தது, பத்திரம்" என்று எழுதுவாயே தவிர, "ஐம்பதாவதில் அம்மா சிரிக்கிறாளே" என்று ஒரு நாள் எழுதியிருப்பாயா? உனக்கு அது எண் போட்ட பெட்டி. கேட்டிருந்தால் சந்தையில் வைத்திருக்க மாட்டாய்.

அறுபத்தொன்றைக் கேட்காதே என்றேன். இப்போது சொல்கிறேன், கேள். முகம் தெரியாத மூன்று பேர் கேட்கலாம், நீ மட்டும் என்ன? உன் அக்கா அம்மாவை எப்படி வைத்துக்கொண்டாள் என்று நீயும் தெரிந்துகொள். அவளை நான் தாங்குகிறேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். கேட்டுவிட்டுச் சொல்.

அம்மாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் வாயைத் திறப்பதையே விட்டுவிடுவாள். இப்போதுதான் ஜன்னல் வரைக்கும் வந்திருக்கிறாள். நீலத் தாளை நிறுத்தாதே. தினமும் தபால் வரும் நேரத்தில் வாசலையே பார்க்கிறாள். நான் கடையில் இருக்கும் நேரம் அது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.

எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கு எழுது.

ஏப்ரல் 4

அக்கா,

வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வரவும் பொறுமை இல்லை, நீலத்திலேயே எழுதுகிறேன். அம்மாவுக்கு நாளை தனியாக எழுதி அனுப்புகிறேன்.

நீ கேட்டது சரி. ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. வேலை வேலை என்று சொன்னது பொய். பயம்தான் காரணம். அம்மாவின் குரல் என் காதில் பழையபடியே இருந்தது, அது போய்விடுமோ என்று பயம். இப்போது முதலிலிருந்து வரிசையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். ஆறு நாள் ஆயிற்று. ஐம்பதாவதில் சிரிக்கவில்லை, அது தும்மல். நாற்பத்தெட்டில்தான் சிரிக்கிறாள்.

அறுபத்தொன்றையும் கேட்டேன். நீ கத்துகிறாய். "தண்ணி! ஒரே ஒரு வார்த்தைம்மா! எத்தனை நாளா இதையே கேக்கறேன், வேணும்னே பண்றியா?" டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம். நாற்காலி. நீ எழுந்து சமையலறைக்குப் போகிறாய், குழாயைத் திறந்துவிடுகிறாய். நீ அழுவது அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று திறந்துவிட்டாய், எனக்குத் தெரியும். சின்ன வயதிலும் அதைத்தான் செய்வாய்.

அதற்கு மேல் நீ கேட்டதே இல்லை, அப்படித்தானே? பதிவை நிறுத்த மறந்துவிட்டாய் அக்கா. அது பதினோரு நிமிடம் ஓடுகிறது.

ஐந்து நிமிடம் வெறும் குழாய்ச் சத்தம். ஆறாவது நிமிடத்தில் அம்மா தனியாக முயற்சி செய்கிறாள். "த." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "த." மூச்சு வாங்குகிறது. "தண்." பிறகு சுத்தமாக, முழுசாக, "தண்ணி." ஆளில்லாத அறையில் சொல்கிறாள். நாலு தடவை சொல்லிப் பார்க்கிறாள். குழாய் நின்றதும் அவளும் நிறுத்திவிடுகிறாள். நீ வந்து, "நான் தப்பாப் பேசிட்டேம்மா, மன்னிச்சுக்கோ. வா, சாப்பிடலாம்" என்கிறாய். நாற்காலி நகர்கிறது, அவ்வளவுதான்.

பதிவுகளோடு நீ அனுப்பும் வார்த்தைப் பட்டியலில் "தண்ணி" அறுபத்துநாலில்தான் முதலில் வந்தது என்று எழுதியிருக்கிறாய். இல்லை அக்கா, அறுபத்தொன்றிலேயே வந்துவிட்டது. நீ இத்தனை மாதமாக மறைத்து வைத்த பதிவில்தான் அது இருக்கிறது.

நீ கத்தியதைக் கேட்டு எனக்கு உன்மேல் ஒரு துளி கோபமும் வரவில்லை. அந்தச் சமையலறையில் உன்னோடு நிற்க நான் இல்லையே என்று என்மேல்தான் வந்தது.

வாங்கிய மூவருக்கும் எழுதினேன், காசையும் திருப்பி அனுப்பினேன். ஒருவர் உடனே அழித்துவிட்டார். இன்னொருவர் பேச்சுக் கோளாறு ஆராய்ச்சி செய்யும் பெண்மணி. அழித்துவிட்டு, "உங்கள் அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்" என்று எழுதினார். மூன்றாவது ஆளிடமிருந்து பதிலே இல்லை. வரும் என்றும் தோன்றவில்லை. அம்மா எங்கோ ஒருவனிடம் இருக்கிறாள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

தம்பி

ஏப்ரல் 12

அட மடையா,

ஒத்திகையையும் நிஜத்தையும் கலந்தது போதாது என்று தாளையும் கலந்துவிட்டாயே! இந்த வீட்டில் நீலம் என்றால் யாருக்கு என்று உனக்கு உறைக்கவே இல்லையா? நீ வைத்த வழக்கம்தானே அது!

தபால் பதினோரு மணிக்கு வந்திருக்கிறது. நான் கடையிலிருந்து வரும்போது மணி ஆறு. அம்மா மேஜையில் உட்கார்ந்து, உன் கிறுக்கல்மேல் விரலை வைத்து, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், "அதற்கு... என்னிடம்... மருந்து... இல்லை" என்ற இடத்தில் இருந்தாள். பிடுங்கிக்கொள்ள ஓடினேன். கையைத் தூக்கி நிறுத்தினாள். "தம்பி"யையும் படித்து முடித்துவிட்டுத்தான் தாளை மடித்தாள்.

அப்புறம் மூன்று நாள் ஒரு வார்த்தை இல்லை. காலையில் மறுபடி போனை எடுத்து வைத்தால் தலையை ஆட்டினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உன்னைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

நாலாம் நாள் காலையில் அவளே வந்து மேஜையில் உட்கார்ந்து, போனைக் காட்டி, "அறுபத்தி... ஒண்ணு" என்றாள். போட்டேன். அவளைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கத்தியது, டம்ளர், நாற்காலி, குழாய், எல்லாம் வந்தது. நீ எழுதியபடியே ஆறாவது நிமிடத்தில் அந்தத் "த" வந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல? நான் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ... அழுதுட்டு வந்தே. அப்பச் சொன்னா... இன்னும்... அழுவே." பிறகு என் தலையைத் தொட்டு, "பாவம்... நீ" என்றாள்.

இத்தனை நாளாக நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

இப்போது உன் விஷயம். விற்றது எப்படி என்று உன் முந்தைய கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "கேட்டானா?" என்றாள். யாரை என்றேன். தன் தொண்டையைத் தொட்டு, "என்னை" என்றாள். மீதியை அவள் அன்று முழுக்க விட்டு விட்டுச் சொன்னாள், நான் சேர்த்து எழுதுகிறேன்: முப்பது வருஷம் ஊர்ப் பேச்சு முழுக்க என் காதுக்குப் பக்கத்தில் ஓடியது, ஒன்றையும் நான் ஒட்டுக் கேட்கவில்லை. கூப்பிடுகிறவன் அவசரத்தில் கத்துவான், இருந்தாலும் அந்தப் பக்கம் இருப்பவரைக் கேட்காமல் ஒரு இணைப்பும் கொடுத்ததில்லை. அவன் கட்டிய சந்தையில் கொண்டுவந்து வைப்பவனைத்தான் கேட்கிறார்கள். குரலுக்கு உரியவளை யார் கேட்டது?

கேட்டாயா? அத்தனை பொத்தான் வைத்தாயே, அந்தப் பொத்தானை ஏன்டா வைக்கவில்லை?

பதில் போடாத அந்த மூன்றாவது ஆளைப் பற்றியும் கேட்டேன். யோசித்துவிட்டு, "அவன்... தண்ணி வரைக்கும்... கேக்கட்டும்" என்றாள். அவளே சொன்னபின் எனக்கு என்ன?

இத்துடன் இருநூற்றுப் பதினைந்தாவது பதிவு அனுப்பியிருக்கிறேன். அவளே கேட்டுச் செய்தது. இதை எங்கே வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியுமாம். இதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறாள், மற்றதற்கு இல்லை.

வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கித் தனியாக அனுப்புகிறேன்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

உன் கட்டு வந்தது, பார், வெள்ளையில் எழுதுகிறேன்.

அம்மா சொன்ன பொத்தானைக் கட்டி முடித்துவிட்டேன். இனிமேல் கொண்டுவந்து வைப்பவர் டிக் அடித்தால் மட்டும் போதாது. அந்த விவரம் யாருடையதோ, அவருக்கு ஒரு அழைப்பு போகும். அவர் சரி என்று சொன்னால்தான் சரக்கு சந்தையில் ஏறும். ஒவ்வொரு முறை விற்கும்போதும் மறுபடி கேட்கும். அவசரம் தாம்தூம் என்று குதித்தான். "ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கிட்டிருந்தா இது சந்தையா? விடிஞ்சிடும்!" என்றான். நான் வாதாடவில்லை. இருநூற்றுப் பதினைந்தைப் போட்டு அவன் காதில் மாட்டிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தான்.

அந்த அழைப்பில் கேட்பது அம்மாவின் குரல்தான். "அழைப்பு வந்திருக்கு. இணைக்க... லாமா?" சோதித்துப் பார்த்த ஒருவர், ஒலி நடுவில் அறுந்துபோகிறது, சரிசெய்யவும் என்று குறிப்பு எழுதினார். அது அறுந்தது இல்லை, அப்படித்தான் இருக்கும் என்று பதில் எழுதிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி மறுபடி திறந்தோம். கூட்டம் ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வரும் சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். பத்து நாள் இருப்பேன். காலை ஐந்து வார்த்தை என் பொறுப்பு, நீ நிம்மதியாகக் குளித்துவிட்டு வேலைக்குப் போ.

நேற்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அங்கேதான் நின்றாய். ஆனால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே.

காலையில் உன் நம்பரிலிருந்து போன் வந்தது. "சொல்லுக்கா" என்றேன். பதில் இல்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று வைக்கப் போனேன். அப்போது மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லாப் பதிவையும் கேட்டவன் நான், அந்த மூச்சு எனக்குத் தெரியும். வார்த்தைக்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சு.

"இணைக்க... லாமா?"

ஒரு "ம்" சொன்னால் போதும். வரவில்லை அக்கா. வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன். அவள் அந்தப் பக்கம் அவசரப்படாமல் இருந்தாள். ஒரு வருடமாக நீ அவளுக்காகக் காத்திருந்தது போலவே இருந்தாள். "என்னம்மா, வச்சுட்டானா?" என்று நீ பின்னாலிருந்து கேட்டது எனக்கும் கேட்டது. அதற்கு அவள் சொன்னதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

"இல்ல. இருக்கான். பேச்சு... வரும்."

உன் தம்பி